துண்டுக்குள் பேசிய விலை

மே 22, 2021, சனி

இன்று காலை என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். கொரோனா போய்விட்டது, நான் போகவில்லை.

தொண்டையில் விட்டிருந்த குழாயை எடுத்த பிறகு என் குரல் எண்ணெய் காணாத கிணற்று உருளை மாதிரி கீச்சிடுகிறது. கொஞ்ச நாள் பேசாமல் இருங்கள் என்கிறார் டாக்டர். ஒரு மாட்டு வியாபாரியிடம் சொல்கிற பேச்சா இது? பொள்ளாச்சிச் சந்தையில் அடுத்தவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டித் தொடங்கியவன் நான். இன்று ராக்கியப்பன் என்றால் பாலக்காடு வரை தெரியும். எல்லாம் இந்த வாயால் வந்தது.

என் மனைவி மரகதம் ஒரு பையில் இரண்டு வேட்டி, ஒரு தேங்காய்ப்பூத் துண்டு, தீவனக் கம்பெனிக்காரன் சும்மா கொடுத்த இந்த டைரி எல்லாம் அனுப்பியிருக்கிறாள். "பேச முடியலீன்னா எழுதிக்கிட்டுக் கெடங்க" என்று போனில் சொன்னாள். இந்தக் கொரோனாவில் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம் என் குரல் போனதுதான்.

ஆசுபத்திரி கோவையில். பெயரை எழுதவில்லை. பில் இன்னும் வரவில்லை, இப்போதே எதற்குப் பகை?

வார்டில் நான்கு கட்டில். சன்னலோரம் நான். அடுத்து திருமூர்த்தி, உடுமலைப் பக்கத்து விவசாயி. மூன்றாவது சந்தானகோபாலன், பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவோரம் ரகமத்துல்லா பாய். அவரும் என்னைப் போல மாடு வாங்கி விற்கிறவர், பழைய போட்டிக்காரர். ஆக, நாலு பேரில் மூன்று பேர் மாட்டு ஆட்கள். மேனேஜர் பாவம்.

மே 23, ஞாயிறு

இங்கே சுகிர்தா என்று ஒரு சிஸ்டர் இருக்கிறாள். நாகர்கோவில் பெண். ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குக் கிருமி தாவாமல் காவல் காக்கிறாளாம். டாக்டரையே "சார், கை" என்கிறாள். அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி திரும்பிப் போய்க் கழுவிவிட்டு வருகிறார். இதற்குச் சம்பளம்.

என்னிடமும் வந்தாள்.

"ஐயா, இங்க வாரதுக்கு முன்ன வீட்ல என்ன மருந்து சாப்ட்டிய?"

"மெடிக்கல்ல குடுத்ததுங்க."

"அது என்ன மருந்தாக்கும்?"

"பேரு ஆருக்குங்க தெரியும்? மொதல்ல ஒரு செட்டு. காச்சல் நிக்கலீன்னதும் அதுக்கு மேல ஒரு செட்டு. அப்பறம் பெரிய டாக்டருங்க எழுதறதுன்னு ஒன்னு குடுத்தான். வீட்டுல எல்லாத்துக்கும் ஆளுக்கொரு அட்டை வாங்கிப் போட்டுட்டேன். மொத்தமா எடுத்தா வெல கொறையுமுங்க."

"காய்ச்சல் இல்லாதவங்களுக்குமா?"

"முன்கூட்டியே போட்டுக்கறது நல்லதுதானுங்க அம்மிணி?"

அவள் டாக்டர் நிவேதன் பக்கம் திரும்பினாள். "சார், இவருக்க வயித்துல ஒரு மெடிக்கல் ஷாப்பே கெடக்கு."

நான் விடவில்லை. "டாக்டர், இருக்கறதுலயே ஒசந்த மருந்தாப் பாத்துப் போட்டுடுங்க. காசப் பாக்காதீங்க" என்றேன்.

"ஒசந்தது இருக்குங்க. உங்களுக்குத் தர மாட்டேன்."

"ஏனுங்க?"

"உங்களுக்கு அது வேண்டியதில்ல. சும்மா எடுத்து வீசுனா, கிருமி அதுக்கும் பழகிரும். நாளைக்கு நெசமா வேணுங்கறவருக்கு அது வேலை செய்யாது."

எனக்கு விளங்கிவிட்டது. சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். நானும் அப்படித்தான் செய்வேன். டாக்டர் மேல் மரியாதை வந்தது.

மே 25, செவ்வாய்

இன்று சந்தை நாள். ஊரடங்கில் சந்தை இல்லை. உடம்புக்குத் தெரியவில்லை, விடிவதற்குள் விழித்துக்கொண்டு சாட்டையைத் தேடுகிறது.

திருமூர்த்தி செல்போனில் ஒரு படம் காட்டினார். மயிலைக் காளை. காங்கேயத்து இனம், சாம்பல் பூத்த வெள்ளை. திமில் அப்படியே கோபுரக் கலசம்.

"வீட்டுல பூவாத்தா ஒருத்திதானுங்ணா. இவன் அவளுக்கு அடங்க மாட்டீங்கறான். நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள ஒரு நல்ல கைக்குக் குடுத்துப்போடோணும்" என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கோ குரல் இல்லை. அதனால் என்ன? மாட்டு விலைக்கு வாய் எதற்கு?

தெரியாதவர்கள் இந்த டைரியைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். நாங்கள் மாட்டைப் புகழ்வதும் பழிப்பதும் வாயால். விலை மட்டும் கையால். வாங்குகிறவன் தன் துண்டைப் போர்த்துவான். அதற்குள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொள்வோம். எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை விரல், அழுத்தினால் என்ன, உதறினால் என்ன, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். இல்லாவிட்டால் நான் சொல்லும் விலைக்கு மேல் ஒருவன் கூவிவிடுவான்.

என் கட்டிலுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவில் துண்டைப் போட்டோம். நல்ல கை அவருக்கு. இறங்க மாட்டேன் என்கிற கை. நடுநடுவே கையை எடுத்து, தனக்குப் போட்டிருக்கும் மூத்திரக் குழாயை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மறுபடி துண்டுக்குள் வருவார்.

பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவரும் எழுந்து வந்து, தன்னிடம் நிற்கும் ஒரு செவலை மாட்டை என்னிடம் தள்ளப் பார்த்தார். அவருக்கும் அதே துண்டு.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "விலையச் சொல்றதுக்கு என்னத்துக்கு இவ்வளவு ரகசியம்? பாங்க்ல நாங்க வட்டிய போர்டுலயே எழுதி வெப்போம்."

"அதனாலதான் சார் உங்ககிட்ட மாடு வாங்க ஆரும் வரல" என்றார் பாய்.

மே 27, வியாழன்

காலையில் சுகிர்தா சிஸ்டர் எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொல்லி, எழுதக் கூடாத இடத்தில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தாள். தீவிரப் பிரிவிலிருந்து யாராவது கிருமியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களா என்று பார்க்கவாம். நான் மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வாங்குகிறவன். என்னைப் பார்க்கிற இடம் இதுவா?

திருமூர்த்தியோடு மாலையில் மயிலை விலை முடிந்தது. எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். விரல் பேசியதை எழுத்தில் வைப்பது வழக்கமில்லை.

சிஸ்டர் சொன்னபடி சாப்பாட்டுக்கு முன் கை கழுவினேன். கழுவிய கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

மே 28, வெள்ளி

திருமூர்த்திக்குக் குளிர் காய்ச்சல். கட்டில் ஆடுகிற நடுக்கம். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மே 30, ஞாயிறு

திருமூர்த்தியைத் தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

டாக்டர் வந்து, நின்றபடியே சொன்னார். பஞ்சுக் குச்சியில் ஒரு கிருமி வளர்ந்திருக்கிறது. கொரோனா அல்ல, வேறு. எந்த மருந்தைக் காட்டினாலும் அசையாத கிருமி. என் குடலில் இருக்கிறது, பாய் குடலிலும் இருக்கிறது. எங்கள் இருவரையும் ஒன்றும் செய்யாமல் வாடகைக்குக் குடியிருக்கிறது. திருமூர்த்திக்கு மூத்திரக் குழாய் வழியாக ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் தனி அறை காலியானதும் தருவார்களாம்.

"மருந்தே இல்லீங்களா?"

"ஒன்னே ஒன்னு மிச்சமிருக்கு. அது சிறுநீரகத்தப் பதம் பாக்கும். ஆனா வேற வழியில்ல. இன்னிக்குத் தொடங்கியாச்சு."

"எனக்கு இல்லைன்னீங்களே, அந்த ஒசந்த மருந்துங்களா?"

"அதேதான். இங்க வர்ற எல்லாருக்கும் அள்ளிப் போட்டிருந்தா, இவருக்கு இன்னிக்கு அதுவும் கேட்டிருக்காது."

டாக்டர் சரக்கைப் பதுக்கவில்லை. வியாபாரத்தில் ஆளை எடைபோட்டுத் தப்பியது எனக்கு அபூர்வம்.

ஒன்றுதான் சுகிர்தா சிஸ்டருக்கு விளங்கவில்லை. எனக்கு இருக்கிறது, திருமூர்த்திக்கு இருக்கிறது, கதவோரத்துப் பாய்க்கு இருக்கிறது. நடுவில் படுத்திருக்கும் மேனேஜருக்கு மட்டும் இல்லை.

"காத்துலயும் பரவாது. மேனேஜர் சாரத் தாண்டிக் குதிச்சுப் போவுதுக்கு அதுக்குக் காலா இருக்கு?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

ஜூன் 1, செவ்வாய்

அவள் தேடுகிற தேடலைப் பார்க்க வேண்டும். கை கழுவும் தொட்டி, குழாய், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, கட்டில் கம்பி, எல்லாவற்றிலும் பஞ்சை வைத்து எடுக்கிறாள். டாக்டருடைய செல்போனைக்கூட விடவில்லை. கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று, யார் கை கழுவாமல் உள்ளே வருகிறார்கள் என்று பார்க்கிறாள். எல்லோரும் ஒழுங்காகக் கழுவுகிறார்கள். அதனாலேயே அவள் முகம் வாடிப் போயிருக்கிறது. திருடனே அகப்படாத ஊரில் போலீஸ்காரன் நிலைமை.

நானும் பாயும் செவலைக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவள் உள்ளே வந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறேன். மாடு வாங்காத ஆளுக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

திருமூர்த்திக்குக் காய்ச்சல் குறையவில்லையாம்.

ஜூன் 3, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் திருமூர்த்தியின் மனைவி பூவாத்தாள் போன் செய்தாள். குழாய் எடுத்ததிலிருந்து என் காது அடைத்திருப்பதால் சத்தமாக வைத்துக் கேட்டேன். சிஸ்டர் அப்போது என் கட்டில் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ணா, மயிலைக்கு உங்ககிட்ட வெல முடிச்சாச்சுன்னு அவரு அன்னிக்கே சொன்னாருங்க. எவ்வளவுன்னு சொல்லுலீங்க. இப்ப அவருகிட்டக் கேக்க முடியாதுங்கறாங்க. இங்க ஒருத்தன் வந்து மாட்டக் குடுன்னு வாசல்ல நிக்கறானுங்ணா. நீங்க ஒரு வெல சொல்லுங்க. நீங்க சொன்னாச் செரி."

அந்த விலை உலகத்தில் இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். ஒன்றில் இப்போது ஊசி குத்தி ஒட்டியிருக்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள். குறைத்துச் சொல்ல வாய் எழுந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வியாபாரி வாய் அப்படித்தான் எழும்.

"இன்னும் முடியல கண்ணு" என்றேன். "முக்காவாசிதான் ஆச்சு. மிச்சத்த அவரேதான் எந்திரிச்சு வந்து பேசோணும். வந்தவன அனுப்பிச்சுடு."

"வருவாருங்களாண்ணா?"

"வராம? பேச்சு பாதியில நிக்குதல்ல?"

சொந்தக்காரர் இல்லாமல் முடித்த வியாபாரம் பின்னால் வம்பு. அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

போனை வைத்ததும் சிஸ்டர் கேட்டாள். "ஐயா, அவருக்கு மூச்சு விடதே பாடா இருந்துது. ஒங்களுக்குத் தொண்டை இல்ல. எப்பம் விலை பேசுனிய? நான் ஒரு நாளும் கேக்கல்லியே?"

"கேக்கற மாதிரி பேசுனா அது வியாபாரமுங்களா? கையக் குடுங்க அம்மிணி, காட்டறேன்."

உறை போட்ட கையை நீட்டினாள். துண்டை எடுத்து மேலே போர்த்தினேன். உள்ளே அவள் விரல்களைப் பிடித்தேன். "இது ஒரு வெல. இப்படி அழுத்துனா அதுல பாதி. இப்ப நீங்க ஏத்தோணும்."

அவள் ஏற்றவில்லை. கையை எடுக்கவும் இல்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் துண்ட எப்பம் தொவச்சுது?"

"இங்க ஆருங்க தொவைக்கறா?"

"திருமூர்த்தி ஐயாகூடவும் இதுலயா?"

"ஆமாங்க."

"பாய்?"

"அவருக்கும் இதுதானுங்க. வாங்கறவன் துண்டுதான் வழக்கம்."

"மேனேஜர் சாரு?"

"அவருக்கு மாட்டப் பத்தி என்னுங்க தெரியும்?"

சிஸ்டர் மெல்லக் கையை வெளியே எடுத்தாள். முகக்கவசத்துக்குள் ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"தொட்டியில எடுத்தேன், குழாயில எடுத்தேன். ஆசுபத்திரி சாமானம் ஒண்ணு விடாம எடுத்தேன். வீட்டுத் துண்டு எனக்க கண்ணு முன்னால கெடந்துருக்கு!"

அந்தப் பக்கம் மேனேஜர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நான் அன்னிக்கே சொன்னேன், வாயால பேசுங்கன்னு."

துண்டு கிருமிக் குப்பைக்கான மஞ்சள் பைக்குள் போயிற்று. நல்ல துண்டு. பைக்குள் போடுவதற்கு முன் அதிலும் பஞ்சை ஒற்றி எடுத்தாள்.

அவள் இவ்வளவு நாள் தேடியதைக் கண்டுபிடிக்க நான் உதவியிருக்கிறேன். அதற்கு மேல் இன்று எழுத ஒன்றுமில்லை. இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ரசத்தில் உப்பு அதிகம்.

ஜூன் 4, வெள்ளி

கை கழுவினேன்.

ஜூன் 5, சனி

கை கழுவினேன். ரசத்தில் இன்றும் உப்பு. பாய் தனக்குச் சரியாக இருக்கிறது என்கிறார்.

ஜூன் 6, ஞாயிறு

துண்டிலும் அதே கிருமிதான். நானும் பாயும் இப்போது ஆளுக்கொரு அறையில். வாசலில் சிவப்பு எழுத்தில் பலகை. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அங்கி மாட்டிக்கொண்டு, என்னமோ நான் முட்டுகிற மாடு போல வருகிறார்கள்.

மரகதத்துக்குப் போன் செய்து, வீட்டில் மீதியிருக்கும் மாத்திரையை யாரும் தொடக் கூடாது என்றேன்.

"மீதி எங்கீங்க இருக்குது? நம்ம கறவை தீனி எடுக்கலீன்னு தவுட்டுல கலக்கிப் போட்டுட்டேன்."

"மனுசன் மாத்திரையவா?"

"நீங்க மட்டும் வேறொரு மாட்டு வியாபாரி சொன்னான்னு மாட்டு மருந்தெல்லாம் முழுங்குலீங்களா?"

டாக்டரிடம் இதைச் சொன்னேன். கறவை எத்தனை மாத்திரை தின்றது என்று முதலில் கேட்டார். பிறகு, நான் என்னென்ன முழுங்கினேன் என்று இரண்டாம் முறை கேட்டார். நான் முழுங்கிய மாத்திரையெல்லாம் குடலில் இருந்த நல்ல கிருமிகளைக் காலி செய்து, இந்த முரடனுக்குத் தொழுவம் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறதாம். தீவிரப் பிரிவில் இவன் உள்ளே வந்திருக்கிறான். வந்தவனுக்கு இடம் தாராளமாக இருந்திருக்கிறது.

"அப்ப திருமூர்த்திக்கு நான்..." என்று தொடங்கினேன். குரல் கீச்சிட்டது. டாக்டர் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

ஜூன் 9, புதன்

சுகிர்தா சிஸ்டர் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

"ஐயா! ஒங்க ஆளுக்குக் காய்ச்சல் எறங்கிற்று. நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஒண்ணுக்கும் நல்லாப் போவுது கேட்டியளா, கிட்னிக்கு ஒண்ணும் ஆவல்ல!"

அடுத்தவன் ஒன்றுக்குப் போன செய்தியைக் கேட்டு இப்படி ஒரு மனிதன் உட்கார்ந்து அழுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். யாரும் பார்க்கவில்லை. அதனால் அழவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பூவாத்தாளுக்கு நானே போன் செய்தேன். இன்று ரசம் சரியாக இருந்தது.

ஜூன் 14, திங்கள்

இன்று எனக்கு வீட்டுக்குப் போக அனுமதி. கிருமி இன்னும் குடலில் குடியிருக்கிறது. தானாகக் காலி செய்யும்வரை கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த முறை எந்த ஆசுபத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும், மருந்துக் கடையில் நானாக எதுவும் வாங்கக் கூடாது. சிஸ்டர் மூன்றையும் என்னை ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் விட்டாள்.

போகும் வழியில் திருமூர்த்தியின் அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கை தானாக எழுந்தது. என் கையும் எழுந்தது. நடுவில் சிஸ்டர் வந்து நின்றாள்.

"வாய்! ரெண்டுவேரும் வாயால!"

"அந்த வெலையே இருக்கட்டுங்ளா?" என்று கத்தினேன். குரல் நன்றாகவே திரும்பியிருக்கிறது.

"அது காச்சல்ல குடுத்த வெலைங்ணா!" என்றார் அவர். மூச்சு வாங்கினாலும் ஆள் மாறவில்லை. "இப்பத்திக்கு எழுபது!"

"அறுபத்தஞ்சு!" என்றேன். சந்தையில் இதை இப்படி வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என் முகத்தில் துப்பியிருப்பார்கள். நடையில் போகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். அவர்களில் மேனேஜரும் ஒருவர். அவரும் இன்றுதான் வீட்டுக்குப் போகிறார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அறுபத்தஞ்சு ஒரு தரம்!" என்று ஏலம் விடத் தொடங்கினார்.

எதிர் அறைக் கதவு திறந்தது. பாய் தலையை நீட்டினார். "மயிலையா? எழுபத்திரண்டு!"

இதற்காகத்தான் துண்டு! இதற்காகத்தான் எங்கள் பெரியவர்கள் துண்டு போட்டார்கள்! எப்படி ஒரு வியாபாரத்தைக் கெடுத்துவிட்டாள் இந்தப் பெண்! அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திருமூர்த்தியும் சிரிக்கிறார். சிரித்து இருமுகிறார், இருமிவிட்டு மறுபடி சிரிக்கிறார்.

சந்தை திறந்தால் மாட்டு விலை எப்படியும் ஏறும். நல்ல காளையைப் பாயிடம் விடவும் மனம் இல்லை. நான் ஏற்றியதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

முடிந்த விலை: மயிலைக் காளை ஒன்று, எழுபத்தெட்டாயிரம். கழுத்து மணி அவருடையது. அவர் வீடு திரும்பி நடமாடும்வரை காளை என் தொழுவத்தில் நிற்கும், தீவனச் செலவு என்னுடையது. அதற்குள் அவருக்கு மனம் மாறினால் அதே விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கை கொடுக்கவில்லை.